முதல் இழுப்பு

நிஸ்வா சனாயியாவில் எங்கள் கடை.
பலகையில் எழுதியிருப்பது பம்பு, ஷாஃப்ட், வெல்டிங்.
துப்பாக்கி வேலைக்கு உள் அறையில்
தனி லேத்து, தனி நோட்டு,
தாளுக்குத் தாள் போலீஸ் முத்திரை.

காலை எட்டரைக்கு மகன் வந்தான், யக்தான்.
ஒரு கையில் காபி,
தோளில் போர்வை சுற்றிய திரீ நாட் திரீ.
"விசையில ரெண்டு இழுப்பு இருக்கு.
முதல் இழுப்பு சும்மா வருது, ஒண்ணும் நடக்கல.
அதை எடுத்துடு.
தொட்டா விழணும். அடுத்த மாசம் போட்டி."
எழுதிக்கொண்டேன்: விசை. இலேசாக்க.

அஸர் முடிந்து அப்பா வந்தார், கல்ஃபான்.
"என் துப்பாக்கி இங்கேதானே இருக்கு?
ஊசியை வெட்டிவிடு.
பெருநாளைக்கு ரஸ்ஹா ஆடும்போது
எறிந்து பிடிக்க மட்டும்தான் இனி."
காலையில் யார் வந்தார்கள் என்று நான் சொல்லவில்லை.
அவரும் கேட்கவில்லை.
உரிமச் சீட்டில் இருந்தது அவர் பெயர்.
எழுதிக்கொண்டேன்: ஊசி. ஊமையாக்க.

ஒரே எண்.
அடுத்தடுத்த இரண்டு வரி.

இரவு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் பிரித்தேன்.
உருவிய போல்ட்டு உள்ளங்கையில்
விரால் போல வழுக்கியது.
கழுத்துத் துருவைத் துடைத்ததும் ஒரு கிரீடம்,
கிரீடத்துக்குக் கீழே இஷாப்பூர்.
அட, நம்ம பக்கத்து ஆள்!
எந்தக் கப்பலில் வந்தாயோ,
எத்தனை கஃபீல் மாறினாயோ,
உன் பாஸ்போர்ட்டை மட்டும்
உடம்பிலேயே அடித்து அனுப்பியிருக்கிறார்கள்.
யாரும் வாங்கிப் பூட்டி வைக்க முடியாது.

வெறும் விசையை இழுத்துப் பார்த்தேன்.
தளர்வாக வருகிறது,
வந்து ஒரு சுவரில் முட்டி நிற்கிறது.
அங்கிருந்து திரும்பலாம்.
விரலை எடுத்தால்
எல்லாம் பழைய இடத்துக்குப் போய்விடும்,
யாருக்கும் தெரியாது.
வரைபலகையில் குனிந்த எவனோ
இரும்புக்குள் ஒரு 'இருப்பா' வைத்திருக்கிறான்.
கருணை இல்லை, எனக்குத் தெரியும்.
குளிரில் மரத்த விரல்
சொந்த ஆளைச் சுட்டுவிடக் கூடாது, அவ்வளவுதான்.
இருந்தாலும்.

ஷார்ஜாவில் ஒரு ஃபோர்மேனை அறைந்தேன்.
முதல் இழுப்பே கிடையாது அந்தக் கைக்கு.
ஏழு மாதச் சம்பளப் பாக்கி
அந்தச் சத்தத்தோடு போனது.

ஊசியை வெட்ட அரை நிமிஷம்.
அதோடு நோட்டை மூடியிருக்கலாம்.
ஊமைக்கு எதற்கு இலேசான நாக்கு?
ஆனால் மகன் ஐந்து ரியால் முன்பணம் தந்திருந்தான்.
பஜ்ர் வரை உட்கார்ந்தேன்.
சொரசொரப்பெல்லாம் போயிற்று.
முதல் இழுப்பை மட்டும் எடுக்கக் கை வரவில்லை.

வியாழக்கிழமை இரண்டு பேரும் ஒரே வண்டியில் வந்தார்கள்.
யக்தான் சுவரைப் பார்த்துக் குறிவைத்து இழுத்தான்.
டிக்.
"ரெண்டு இழுப்பும் அப்படியே இருக்கே" என்றான்.
பிறகு அந்த 'டிக்' காதில் ஏறியது.
அப்பாவைப் பார்த்தான்.
அவர் காலண்டரைப் பார்த்தார்.

லேத்து மோட்டாரை அணைத்தேன்.

கல்ஃபான் கை நீட்டி வாங்கினார்.
விரலை வைத்தார், இழுத்தார்,
சுவரில் முட்டியதும் நின்றார்.
வெளியே ஒரு தண்ணீர் லாரி
ரிவர்ஸ் எடுத்து முடிக்கும்வரை அப்படியே நின்றார்.
அப்புறம் விரல் திரும்பி வந்தது.
"நல்லா இருக்கு" என்று மகனிடமே கொடுத்தார்.
"எறிந்தால் பிடிப்பாயா, பார்க்கலாம்."

மகன் ஐந்து ரியாலைத் திருப்பிக் கேட்டான்.
கொடுத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை ரூமில் வாஷிங் மெஷின் கடகடத்தது.
"பாக்கெட்டுல என்ன பாய், காசா?" என்றான் மொபாரக்.
டிரம்முக்குள் கைவிட்டுத் துழாவினேன்.
வெட்டிய முனை.
பென்சில் மொட்டை அளவு,
சோப்பு வாசனையோடு, பளபளவென்று.